நட்சத்திரம் எதை அளக்கிறது? தாம்பரம் – தென்சென்னைப் புறநகரின் தங்குமிட வரலாறும் விடுதித் தரவகைப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் தங்கும் விடுதிகளுக்கு அரசு வழங்கும் நட்சத்திரத் தகுதி, பயணி ஒருவர் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு உதவும் பொது அளவுகோலாகக் கருதப்படுகிறது. அவ்வளவுகோல் எக்காலத்தில், எத்தகைய பயணியை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது என்பதும் அது எவற்றை அளக்கிறது, எவற்றை அளக்கவில்லை என்பதும் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கவை. கிண்டி முதல் கிளாம்பாக்கம் வரையிலான தென்சென்னைப் புறநகரைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது. சத்திரம், காலனிய நலவாழ்வுச் சட்டம், நட்சத்திர வகைப்பாடு, வாடகை அடிப்படையிலான வரி, இணைய மதிப்பெண் என அடுத்தடுத்து வந்த அளவுகோல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடையளித்தன என்பதும், இப்புறநகருக்கு வரும் பெரும்பான்மைப் பயணியரின் கேள்விகள் நட்சத்திர வகைப்பாட்டிற்கு வெளியிலேயே நின்றுவிட்டன என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தாம்பரம், ஜி.எஸ்.டி. சாலை, சத்திரம், தங்கும் விடுதி, நட்சத்திரத் தகுதி, தரவகைப்பாடு, சுற்றுலா வரலாறு

முன்னுரை

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தென்திசை நெடுஞ்சாலை, மக்கள் வழக்கில் ஜி.எஸ்.டி. சாலை எனப்படுகிறது. கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் என இச்சாலை கடக்கும் ஊர்களின் தங்குமிடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு சரிவு தென்படுகிறது. கிண்டியில் 2012இல் திறக்கப்பட்ட ஐடிசி கிராண்ட் சோழா 600 அறைகளைக் கொண்டது. பரங்கிமலையிலும் மீனம்பாக்கத்திலும் விமான நிலையத்தை ஒட்டிப் பெருநிறுவன விடுதிகள் அமைந்துள்ளன. பல்லாவரத்தைக் கடந்து தாம்பரத்தை நெருங்குகையில் பெருவிடுதிகள் அருகி, லாட்ஜுகளும் மேன்ஷன்களும் மாத வாடகை விடுதிகளும் திருமண மண்டபங்களின் அறைகளும் பெருகுகின்றன.

இச்சரிவைச் செல்வநிலையின் வேறுபாடு என்று மட்டும் விளக்கிவிட இயலாது. யார் எதற்காக இவ்வூர்களுக்கு வந்தனர், அவர்களை எந்நிறுவனம் தங்கவைத்தது, அத்தங்குமிடத்தின் தகுதியை யார் எவ்வாறு மதிப்பிட்டனர் என்னும் மூன்று கேள்விகளுக்கான விடைகளும் அதற்குள் அடங்கியுள்ளன. இம்மூன்றையும் கால வரிசையில் நோக்குவது இக்கட்டுரையின் முறை.

சத்திரம்: ‘யாருக்கு?’ என்னும் அளவுகோல்

தமிழ் மரபில் வழிச்செல்வோர் தங்குமிடம் அறத்தோடு இணைத்தே எண்ணப்பட்டது. மணிமேகலைக் காப்பியம் காட்டும் ‘உலக அறவி’ ஆதரவற்றோர் யாவரும் ஒதுங்கும் பொதுவிடம். பிற்காலத்தில் சாவடி, மண்டபம், மடம், சத்திரம் எனப் பல பெயர்களில் இவ்வகை இடங்கள் நெடுவழிகளில் அமைந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் நிறுவிய சத்திரங்கள் இவற்றுள் புகழ்பெற்றவை. மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம், அச்சத்திரங்களில் பார்ப்பனர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும் உணவு அளிக்கப்பட்டதையும், சமைத்த உணவை ஏற்காதவர்க்கு அரிசியாக வழங்கப்பட்டதையும், நோயுற்றோர்க்கும் மகப்பேற்றை எதிர்நோக்கிய பெண்களுக்கும் கவனிப்பு இருந்ததையும் விவரிக்கிறது.

சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தோன்றிய மணியக்காரர் சத்திரம், கஞ்சித்தொட்டி என மக்களால் அழைக்கப்பட்டது; இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அதில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மத்திய இரயில் நிலையத்தின் எதிரே சவலை இராமசாமி முதலியார் எழுப்பிய சத்திரம், இரயிலில் வந்திறங்கிய வெளியூர்ப் பயணியர்க்கு உதவியது. சத்திரத்தின் இடம் நடைவழியிலிருந்து இரயிலடிக்கு மாறியதற்கு இது நல்ல சான்று.

சத்திரத்தில் அறையின் பரப்போ வசதியோ தரத்தின் அளவாக இருக்கவில்லை. அது யாரை ஏற்கும், யாருக்கு எங்கே இலை போடும் என்பதே பயணி முதலில் அறிய வேண்டிய செய்தியாக இருந்தது. சரபோஜியின் கடிதம் காட்டும் ‘சமைத்தது, சமைக்காதது’ என்னும் பகுப்பிலேயே சாதி குறித்த எச்சரிக்கை உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் ஓட்டல்களும் இவ்வளவுகோலைக் கைவிடவில்லை. ‘பிராமணாள்’ என்னும் சொல் பெயர்ப்பலகைகளில் தகுதிச் சான்றுபோல் இடம்பெற்றது. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த தனித்தனி இடங்கள் சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்பின் விளைவாக 1941இல் நீங்கின. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் நடத்திய போராட்டமும் இவ்வரிசையில் வருவதே. இந்திய அரசியலமைப்பின் 15(2)ஆம் கூறு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சாதி, சமயம் முதலியவை காரணமாக எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. ‘யாருக்கு?’ என்னும் அளவுகோல் சட்டத்தின்படி செல்லாததாயிற்று. ‘எத்தகையது?’ என்னும் அளவுகோல் அதன் இடத்திற்கு வருவதற்கு இம்மாற்றம் முன்தேவையாக இருந்தது எனலாம்.

நலவாழ்வுச் சட்டம்: ‘தீங்கற்றதா?’ என்னும் அளவுகோல்

காலனிய அரசு தங்குமிடத்தை வேறு கண்ணோட்டத்தில் நோக்கியது. வடஇந்தியச் சராய்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், சராய் நடத்துவோர் தம் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தொற்றுநோய் கண்டவர் தங்கியிருந்தால் உடனே காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல், அறைகளையும் வடிகால்களையும் நீர்நிலைகளையும் தூய்மையாக வைத்தல், காவலாளரை அமர்த்துதல், கட்டணப் பட்டியலைப் பலரும் காண வைத்தல் ஆகிய கடமைகளை அது வகுத்தது. திருடர் ஏறி உள்ளே வரவோ தப்பிச் செல்லவோ உதவும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பதும் அக்கடமைகளுள் ஒன்று.

சென்னை மாகாணத்தில் 1939இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், தங்கும் விடுதிகளையும் திருவிழாக் கூட்டங்களையும் நலவாழ்வுத் துறையின் கண்காணிப்பிற்குக் கொண்டுவந்தது. காலராவும் அம்மையும் யாத்திரை வழிகளில் பரவிய காலத்தில் இது இயல்பான அக்கறையே.

இச்சட்டங்கள் விடுதிகளுக்கிடையே உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை. எல்லா விடுதிக்கும் பொதுவான ஒரு கீழ்வரம்பை விதித்தன. நீர், காற்று, வடிகால், காவல், கட்டண வெளிப்படை என்னும் ஐந்தும் அவ்வரம்பின் உள்ளடக்கம். இக்கீழ்வரம்பு கட்டாயமானது, பின்னர் வந்த நட்சத்திரத் தகுதியோ விருப்பத்தின்பாற்பட்டது. இவ்வேறுபாடு பொதுவழக்கில் பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

நட்சத்திரத்தின் வருகை

விடுதிக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கம் இங்கிலாந்தின் வாகன உரிமையாளர் சங்கம் 1912இல் தொடங்கிய வகைப்பாட்டால் பரவியது. அச்சங்கத்தின் செயலாளர் ஸ்டென்சன் குக் முன்னர் மதுவகை விற்பனையில் ஈடுபட்டிருந்தவர். பிராந்திப் புட்டிகளின் தரத்தைக் குறித்த நட்சத்திரங்களே அவருக்கு இக்குறியை நினைவூட்டின என்பர். மோட்டார் வண்டியில் அறிமுகமில்லாத ஊருக்குச் செல்லும் ஒருவர், விடுதியை நேரில் காணாமலே அதன் தகுதியை ஊகிக்க உதவுவது அதன் நோக்கம். சத்திரத்திற்குச் சென்ற யாத்திரிகர் உறவினர், ஊரார், சாதியார் வழியாகச் செய்தி அறிந்தார். நட்சத்திரமோ அத்தகைய தொடர்பு ஏதுமற்ற அயலாருக்காகப் பிறந்தது.

இந்தியாவிலும் இக்குறி அயலாரை முன்னிட்டே வந்தது. விடுதலைக்குப் பின் 1949இல் நடுவண் அரசு சுற்றுலாப் போக்குவரத்துக்கென ஒரு கிளையை அமைத்தது. 1958இல் அது தனித்துறையாயிற்று. 1957இல் அமைக்கப்பட்ட விடுதித் தரம், கட்டண அமைப்புக் குழு விடுதிகளை நட்சத்திர அடிப்படையில் வகைப்படுத்தும் கருத்தை முன்வைத்தது. 1966இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம் அது. வெளிநாட்டுப் பயணி விரும்பும் அறை, குளியலறை, உணவுச்சாலை, வரவேற்பு ஆகியவை இந்தியாவில் எங்கெங்கே கிடைக்கும் என்பதை அரசே உறுதிகூற வேண்டிய தேவை ஏற்பட்டது. சென்னையில் 1974இல் தாஜ் கோரமண்டலும், 1975இல் ஐடிசி நிறுவனத்தின் முதல் விடுதியான சோழாவும் திறக்கப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்து ஃபிஷர்மேன்ஸ் கோவ் 1974இல் தோன்றியது. நகரத்தின் தெற்கு எல்லைக்கு அப்பால் நட்சத்திர விடுதி முதலில் கால்வைத்த இடம் கடற்கரையே; இரயில்பாதையும் நெடுஞ்சாலையும் செல்லும் தாம்பரம் அன்று.

இன்று இவ்வகைப்பாட்டை நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இயங்கும் விடுதி, உணவக ஒப்புதல் மற்றும் வகைப்பாட்டுக் குழு மேற்கொள்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களும் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்னும் உயர்நிலையும் உள்ளன. பழைய அரண்மனை, மாளிகை, கோட்டை போன்றவற்றிற்குப் பாரம்பரிய விடுதி என்னும் தனி வகை உண்டு. விடுதி நடத்துவோர் தாமே விண்ணப்பிக்க வேண்டும். குழுவினர் நேரில் ஆய்ந்து தகுதி வழங்குவர். அத்தகுதி ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். குறைந்தது பத்து அறைகள் இருக்க வேண்டும். குளியலறை நீங்கலாகப் படுக்கையறையின் குறைந்தபட்சப் பரப்பு ஒன்று, இரண்டு நட்சத்திரங்களுக்கு 120 சதுர அடி, மூன்றுக்கு 130, நான்கிற்கு 140, ஐந்திற்கு 200 என வழிகாட்டு நெறிகள் குறிக்கின்றன. குளிரூட்டல், உணவுச்சாலை, வரவேற்பு நேரம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, தீத்தடுப்பு, பணியாளர் பயிற்சி எனப் பட்டியல் நீள்கிறது.

மூன்றுக்கும் நான்கிற்கும் இடையே அறைப்பரப்பில் பத்துச் சதுர அடியே வேறுபாடு. நான்கிற்கும் ஐந்திற்கும் இடையிலோ அறுபது சதுர அடி. எனவே நட்சத்திரங்களின் படிகள் சமமானவையல்ல. மேலும், பட்டியல் பெரும்பாலும் ‘உண்டா, இல்லையா’ என்னும் முறையில் அமைந்தது. நீச்சல்குளம் உண்டு என்பதை அது பதிவு செய்யும். அடுத்த அறையின் ஓசை சுவர் வழியே கேட்குமா என்பதை அது பதிவு செய்வதில்லை. ஆய்வுநாளில் இருந்த நிலை ஐந்தாண்டுகளின் இறுதியிலும் நீடிக்கும் என்பதற்கும் அது முழு உறுதியாகாது. ‘ஏழு நட்சத்திரம்’ என்னும் வழக்கு விளம்பரத்திற்கும் இதழியலுக்கும் உரியது. இந்திய வகைப்பாட்டில் அப்படி ஒன்று இல்லை. உலக முழுமைக்கும் பொதுவான ஒரே நட்சத்திர அளவுகோலும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் சில 2009 முதல் தமக்குள் ஒரு பொதுநெறியைப் பின்பற்றுகின்றன. பிற நாடுகள் தத்தம் முறைகளையே கொண்டுள்ளன.

தாம்பரத்தின் விருந்தினர்கள்

தாம்பரம் நகரின் வளர்ச்சி, வெளியார் வந்து தங்குவதோடு தொடக்கத்திலிருந்தே பிணைந்தது. ஆயினும் அத்தங்கல் ஓட்டலில் நிகழவில்லை. மருத்துவர் சௌரி முத்து 1928இல் இங்குக் காசநோய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சை முறையில் பயிற்சியும் பட்டறிவும் பெற்றவர் அவர். தூய காற்று, வெளிச்சம், ஓய்வு ஆகியவற்றையே மருந்தாகக் கொண்ட அந்நிலையத்தில், நோயாளி பல திங்கள் தங்கினார். தங்குமிடத்தின் காற்றோட்டமே அதன் தகுதியாக இருந்த இடம் அது. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ‘சானடோரியம்’ இன்று ஓர் இரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் ஆகிய பெயர்களைக் கொண்ட மாணவர் இல்லங்கள் அவ்வளாகத்தின் அடையாளங்களாயின. அடுத்த ஆண்டு டிசம்பரில் பன்னாட்டுக் கிறித்தவ ஊழிய மன்றத்தின் உலக மாநாடு இங்கு நடந்தது. சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்த அம்மாநாடு, சீன–சப்பானியப் போரினால் இடம் மாறியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்தும் ஆட்சிப்பகுதிகளிலிருந்தும் 470 பேராளர் வந்தனர். நட்சத்திர வகைப்பாடு இந்தியாவுக்கு வருவதற்கு இருபதாண்டுகள் முன்னரே, ஓட்டல் ஏதும் பெயர்பெற்றிராத ஒரு புறநகர், கல்லூரி வளாகத்தின் துணையால் உலகினர்க்கு விருந்தோம்பியது.

ஓட்டல் இங்கு வளராமைக்கு மற்றொரு காரணம் இரயில். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்தொடர் 1931 மே மாதம் மக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அடிக்கடி ஓடிய மின்வண்டி, தாம்பரத்தில் பணியுள்ளவர் நகரத்தில் தங்கவும் நகரத்தில் பணியுள்ளவர் தாம்பரத்தில் குடியிருக்கவும் வழிசெய்தது. தெற்கிலிருந்து வந்த நெடுந்தொலைவு வண்டிகளும் எழும்பூரிலேயே முடிந்தன. எனவே லாட்ஜுகளும் எழும்பூரைச் சுற்றியே செறிந்தன. தாம்பரம் கடந்து செல்லும் இடமாக இருந்தது.

1949இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமும், 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலமும், 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் தோன்றின. விமானப் படை நிலையமும் இங்கு உண்டு. இவற்றால் வந்த மாணவர், தொழிலாளர், படைவீரர் குடும்பத்தார் ஆகியோருக்கு ஓரிரவு அறையைவிட மாத வாடகை அறையே தேவைப்பட்டது. மேன்ஷன்களும் பெண்கள் விடுதிகளும் பெருகின. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச்சட்டம் வந்தது. அரசின் ‘தோழி’ பணிபுரியும் மகளிர் விடுதிகளுள் ஒன்று 2023இல் தாம்பரத்தில் திறக்கப்பட்டது. இவை யாவும் நட்சத்திரப் பட்டியலில் இடம்பெறாதவை. ஆயினும் இப்பகுதியில் பல இரவுகளைப் பலர் கழிக்கும் இடங்கள் இவையே.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறியுள்ளது. தென்னக இரயில்வே தாம்பரத்தைச் சென்னையின் மூன்றாம் முனையமாக வளர்த்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கு மாறின. கடந்து செல்லும் இடமாக இருந்த புறநகர் இறங்கும் இடமாயிற்று. விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் குடும்பத்தார், மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உடனிருப்போர், தேர்வெழுத வரும் இளைஞர் ஆகியோர் இன்று இப்புறநகரில் அறை தேடுவோர்.

இவர்கள் கேட்கும் கேள்விகள் எளியவை. விடியற்காலையில் அறை தருவார்களா? நாள் கணக்கு நண்பகலோடு முடியுமா, வந்த நேரத்திலிருந்து 24 மணியா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? தனித்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா? நோயாளிக்குக் கஞ்சி வைத்துத் தருவார்களா? பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு வழக்கத்தில் உள்ளது. பெருவிடுதிகளில் குறித்த நேரத்தில் அறையை ஒழித்துத் தருவதே பெரும்பான்மை வழக்கம். விடியற்காலையில் வருபவர்க்கு முன்னது ஒருநாள் வாடகையை மிச்சப்படுத்துகிறது. நட்சத்திர எண்ணிக்கை இதனைத் தெரிவிப்பதில்லை.

நட்சத்திரத்தின் பிற பயன்கள்

பயணிக்கு வழிகாட்டவென வந்த நட்சத்திரத்தை அரசே வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்தியது. தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்ந்த 1981ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளில் நட்சத்திர விடுதிகளுக்கெனத் தனி உரிம வகை இடம்பெற்றது. சில்லறை மது விற்பனை 2003இல் அரசுக் கழகத்தின் கைக்கு வந்தபின், தனியார் மதுக்கூடம் நடத்த எஞ்சிய வழிகளுள் நட்சத்திரத் தகுதி முதன்மையானதாயிற்று. இதனால் ஒரு விடுதி நட்சத்திரத் தகுதி பெற்றிருப்பதற்கு விருந்தினரின் வசதி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கேரளத்தில் மதுக்கூட உரிமத்தை ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு மட்டும் வரையறுத்த கொள்கையை உச்சநீதிமன்றம் 2015 டிசம்பரில் ஏற்றது. அங்கும் நட்சத்திரத்தின் பொருளியல் மதிப்பு இதனால் உயர்ந்தது.

தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இத்தடை விடுதிகளின் மதுக்கூடங்களுக்கும் பொருந்தும் என்பது தெளிவாக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலையாதலின், சாலையோர விடுதிகள் இச்சிக்கலுக்கு ஆளாகும் நிலையில் இருந்தன. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்குட்பட்ட உரிமங்களுக்கு நீதிமன்றம் விலக்களித்தது. நட்சத்திரத் தகுதி, நெடுஞ்சாலை எண், உள்ளாட்சி எல்லை ஆகிய தொடர்பற்ற மூன்றும் ஒரு விடுதியின் வருவாயை எவ்வாறு சேர்ந்து தீர்மானித்தன என்பதை இத்தீர்ப்புகள் காட்டுகின்றன.

வரியில் எதிர்த்திசை மாற்றம் நிகழ்ந்தது. 1981இல் தமிழ்நாடு விடுதிகளுக்கு ஆடம்பர வரிச் சட்டத்தை இயற்றியது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் அது கரைந்தது. புதிய வரி அறையின் ஒருநாள் வாடகையையே அடிப்படையாகக் கொண்டது. வரிவிகிதத்தைத் தீர்மானிக்க நட்சத்திரத் தகுதி பொருட்டன்று என நடுவண் அரசு அம்மாதத்திலேயே விளக்கியது. தொடக்கத்தில் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியில்லை. 2022 ஜூலை 18 முதல் அவ்வறைகளுக்கும் 12 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 விழுக்காடாகக் குறைந்தது. எளிய பயணி தங்கும் அறை, நட்சத்திரக் கணக்கில் ஒருபோதும் இடம்பெறாவிடினும் வரிக்கணக்கில் இடம்பெற்றது என்பது இவ்வரலாற்றின் முரண்.

இணையத்தின் நட்சத்திரம்

இன்றைய பயணி நட்சத்திரத்தைப் பெரும்பாலும் கைப்பேசியின் திரையில் காண்கிறார். அங்கு ஒரே குறி மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது அமைச்சகக் குழு ஆய்ந்து வழங்கிய தகுதி. இரண்டாவது விடுதியோ முன்பதிவுத் தளமோ தானே குறித்துக்கொள்ளும் வகை. மூன்றாவது தங்கிச் சென்றோர் இட்ட மதிப்பெண்களின் சராசரி. 4.2 எனப் பதின்மப் புள்ளியோடு வருவது மூன்றாம் வகை. அரசுத் தகுதியில் பின்னமில்லை. சிறிய லாட்ஜ் ஒன்று 4.3 மதிப்பெண்ணும், ஐந்து நட்சத்திர விடுதி 4.1 மதிப்பெண்ணும் பெற்றிருந்தால், முன்னது பின்னதைவிட வசதி மிக்கது என்பது அதன் பொருளன்று. தாம் கொடுத்த வாடகைக்கும் கொண்டிருந்த எதிர்பார்ப்புக்கும் ஏற்ப அங்குத் தங்கியோர் மனநிறைவு அடைந்தனர் என்பதே பொருள்.

இம்மயக்கத்திற்குத் தமிழகத்தில் முன்வடிவமும் உண்டு. ‘உயர்தர’ என்னும் அடை தமிழ்நாட்டு உணவகப் பெயர்ப்பலகைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதனை யாரும் வழங்கவில்லை, கடைக்காரரே இட்டுக்கொண்டார், உண்போரும் அதனை அவ்வாறே எடுத்துக்கொண்டனர். நட்சத்திரம் அரசின் குறியாக அறிமுகமானதால், தானே இட்டுக்கொண்ட நட்சத்திரமும் அரசின் மதிப்பைக் கடன்வாங்கிக்கொள்கிறது. சுற்றுலா அமைச்சகம் 2020இல் தொடங்கிய ‘நிதி’ என்னும் தேசிய விருந்தோம்பல் தரவுத்தளம், விடுதிகளின் பதிவையும் வகைப்பாட்டு விண்ணப்பத்தையும் ஓரிடத்தில் கொணர்ந்தது. விடுதியின் வகைப்பாட்டுச் சான்றையும் அதன் செல்லும் காலத்தையும் கேட்டறிவது பயணியின் உரிமைக்கு உட்பட்டதே. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடும் இல்லத் தங்கல்களுக்குத் தங்கம், வெள்ளி என்னும் வேறு வகைப்பாடு உண்டு. அவற்றில் நட்சத்திரம் தேடுவது பொருந்தாது.

நட்சத்திரத் தகுதி விருப்பத்தின்பாற்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். விண்ணப்பிக்காத விடுதி தகுதியற்ற விடுதியாகாது. எனவே நட்சத்திரம் இருப்பது ஒரு செய்தி, இல்லாமை செய்தியாகாது. ஆனால் தீத்தடுப்பு, நீர், கழிவகற்றல், கட்டட உறுதி ஆகியவை நட்சத்திரத்தைச் சார்ந்தவை அல்ல. அவை எல்லா விடுதிக்கும் உரிய சட்டக் கீழ்வரம்பு. அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு சுற்றுலா அமைச்சகத்தினுடையதாக அன்றி, உள்ளாட்சி, நலவாழ்வு, தீயணைப்புத் துறைகளினுடையதாகவே உள்ளது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வேறுபாட்டைப் பற்றி விளம்பரம் விரிவாகப் பேசுகிறது. பூச்சியத்துக்கும் கீழ்வரம்புக்கும் இடையிலான வேறுபாடு பற்றிய செய்தி பயணிக்கு எளிதில் கிடைப்பதில்லை. 600 ரூபாய் அறையில் தங்குபவருக்கு இப்பிந்திய செய்தியே உயிர்காக்கும் செய்தியாகலாம்.

முடிவுரை

தங்குமிடத்தின் தகுதியைத் தமிழகம் காலந்தோறும் வெவ்வேறு கேள்விகளால் அளந்துவந்துள்ளது. சத்திரக் காலத்தில் யாருக்கு என்பதும், காலனியச் சட்டக் காலத்தில் தீங்கற்றதா என்பதும், திட்டமிட்ட சுற்றுலாக் காலத்தில் என்னென்ன வசதி உண்டு என்பதும், வரிச்சட்டத்தில் என்ன விலை என்பதும், இணையத்தில் பிறர் என்ன கருதினர் என்பதும் முதன்மை பெற்றன. பழைய கேள்வி நீங்கிப் புதியது வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அவை படிந்துள்ளன. அறை கேட்டு நிற்பவரின் பெயரையும் துணையையும் பார்த்து மறுக்கும் வழக்கங்கள் இன்றும் எழுப்பும் சிக்கல்கள், முதற்கேள்வி முற்றிலும் மறையவில்லை என்பதைக் காட்டுகின்றன.

நட்சத்திரத் தகுதி ஒரு பயனுள்ள ஆவணம். ஆய்ந்த நாளில் இன்னின்ன வசதிகள் இருந்தன என்னும் அளவில் அது நம்பத்தக்கது. அறிமுகமற்ற அயலாருக்கென வகுக்கப்பட்ட அது, தாம்பரத்தில் இறங்கும் உள்நாட்டுப் பயணியின் கேள்விகளுக்கு விடைதரும் எனக் கொள்வது அதன் வரலாற்றுக்கு மாறானது. ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டிக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே தென்படும் சரிவு, நாட்டின் தரவகைப்பாடு எவரைக் கண்டது, எவரைக் காணவில்லை என்பதன் வரைபடமாகவும் உள்ளது. புதிய பேருந்து முனையமும் புதிய மாநகராட்சியும் உருவாகியுள்ள இக்காலத்தில், நீர், காற்று, தீத்தடுப்பு, பாதுகாப்பு, கட்டணம், தங்கும் நேரக் கணக்கு ஆகியவற்றை ஒவ்வொரு லாட்ஜின் வாயிலிலும் தமிழில் எழுதிவைக்கச் செய்வது உள்ளாட்சிக்கு இயலக்கூடியதே. கட்டணப் பட்டியலைப் பலரும் காண வைக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. அக்கீழ்வரம்பை மீண்டும் கண்ணுக்குத் தெரியச் செய்வது, நட்சத்திரம் சென்று சேராத பயணிக்குக் கிடைக்கும் முதல் வழிகாட்டியாக அமையும்.